நாலு தராசும் ஒரு காரும்

அந்த அம்மணிக்கு அறவே பிடிக்காத சொல் ஒன்று உண்டு. 'இருக்கட்டும்' என்ற சொல்தான் அது. நாமெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்கிறோம்! கம்பி போன குடையா, இருக்கட்டும். சாவி தொலைந்த பூட்டா, இருக்கட்டும். அவரிடம் போய் அப்படிச் சொன்னால் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நம்மை நிமிர்ந்து பார்ப்பார். "எதுக்கு இருக்கோணும்? என்ன வேலை செய்யுது அது? சொல்லுங்க பாய், வெச்சுக்கலாம்" என்பார். அடுத்த நிமிடம் அந்தச் சாமான் காரிலிருந்து கழன்று கூடைக்குள் விழும்.

கார் என்றால் நீங்கள் நினைக்கிற கார் இல்லை. எங்கள் நாமக்கல் பக்கத்தில் வண்டி என்றால் கனமாக இருக்க வேண்டும், கதவைச் சாத்தினால் தொம்மென்று சத்தம் வர வேண்டும். அவருடைய கார் என் இடுப்பு உயரம்கூடக் கிடையாது. குழாய்களை வெல்டு வைத்துக் கட்டிய கூடு, அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகடு, முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன எஞ்சின். கூரை இல்லை. பெங்களூரில் யாரோ ஆசைப்பட்டுக் கட்டி, பதிவும் செய்து, அலுத்துப்போய் விற்றதை வாங்கி வந்து, கொல்லிமலைமேல் திருப்புலி நாட்டில் தன் வீட்டுக் கொல்லையில், மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை போட்டு நிறுத்தியிருந்தார். அங்கே வைத்துத்தான் அதைக் கிராம் கிராமாக இளைக்க வைத்தார்.

நான் அடிவாரத்தில் மிளகு வியாபாரி. முப்பது வருஷமாக எடை போடுவதுதான் பிழைப்பு. மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடுவேன். அடியில் கல் போட்டிருந்தால் மூட்டையைப் பிரிக்காமலே சொல்லிவிடுவேன். மலையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், "அந்தப் பாய்கிட்ட ஏமாத்த முடியாதுங்க" என்பார்கள். பெருமைக்காக இதை எழுதவில்லை. இத்தனை தெரிந்த கழுதை செய்த தப்பை எழுத வந்திருக்கிறேன். அவர் போய் எட்டு மாதமாகிறது.

முதன்முதலில் அவர் என் கடைக்கு வந்தபோது நான் பயந்துவிட்டேன். லாரி பாடி கட்டும் ஷெட்டில் வெல்டர்கள் போடுவார்களே, அந்த மாதிரி தொளதொளவென்று ஒரு நீல அங்கி. தலையில் தொப்பி. வந்ததும் வராததுமாக, "ஏனுங்க பாய், உங்ககிட்ட மேடைத் தராசு எத்தனை இருக்குதுங்க?" என்றார். எடை அளவு ஆபீசிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "எல்லாத்துக்கும் முத்திரை போட்டாச்சுங்க, பேப்பர் காட்டட்டுங்களா?" என்று எழுந்து நின்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எதிரே டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நான் ஆபீசர் இல்லீங்க. எனக்கு நாலு தராசு ஒரு நாளைக்கு வேணும்."

"நாலு எதுக்கு அம்மணி?"

"ஒரு காருக்கு நாலு சக்கரமுங்களே."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒன்றரை மாதத்துக்கு ஒரு தரம், மிளகு எடுக்கப் போகிற நாளில், நான்கு தராசையும் வேனில் போட்டுக்கொண்டு எழுபது வளைவும் ஏறுவேன். ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஒரு தராசு. பெட்ரோல் எப்போதும் ஒரே கோட்டு அளவு. பிறகு அங்கியோடு அவர் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு நேராகப் பார்ப்பார். நான் நான்கு எண்களையும் கூட்டிச் சொல்வேன். அவர் இறங்கி வந்து கொட்டகைக் கதவில் சாக்பீஸால் எழுதுவார்.

காரை மட்டும் தனியாக எடை போட்டால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன். "ஆளில்லாம காரு தானா ஓடுமுங்களா? ஓட்டற ஆளோட சேத்துத்தான் எடை. எந்தச் சக்கரத்துல எவ்வளவு உக்காருதுன்னு அப்பத்தான் தெரியும்" என்றார். நியாயம்தான். ஆனால் ஒரே ஒரு தரம் அவரை இறக்கி நிறுத்திவிட்டு அந்தக் காரை மட்டும் நான் எடை போட்டிருந்தால், இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இந்த எடைப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டுவார். அவருடைய ஊருக்குத் தார் ரோடு வருவதற்கு முன்னால் மரவள்ளிக்கிழங்கு மூட்டையைத் தலையில் வைத்து மூன்று மைல் நடந்தவர். அதற்குப் பிறகு கீழே வந்து பன்னிரண்டு வருஷம் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங். "சின்னதுல நான் சுமந்தேன். பெரிசானதும் லாரிமேல சுமையை ஏத்துனேன். இரும்பு ஏத்தி ஏத்தி வெறுத்தே போச்சுங்க பாய். ஒரு தடவையாவது ஒன்னுமே சுமக்காத வண்டில போகோணும்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் தணியும்.

ஹாரனைக் கழற்றிய கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கொல்லிமலை ரோட்டில் ஹாரன் இல்லாமல் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு போவதற்குச் சமம். அது அரைக்கிலோ என்று கழற்றிக் கூடையில் போட்டுவிட்டார். மறுநாள் காலை வளைவில் திரும்பினால் எதிரே பஸ். கார் இருக்கிற உயரத்துக்கு டிரைவர் கண்ணில் படவே இல்லை. எப்படியோ நின்றார்கள். டிரைவர் இறங்கி வந்து, "ஏனுங்க, சாகறதுன்னா வேற ரோடு இல்லீங்களா? எம்பட பஸ்ஸுதான் கெடச்சுதா?" என்று கத்தியிருக்கிறார். அம்மணி மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் மொபெட்டில் இருக்குமே, உள்ளங்கை அளவு ஹாரன், அதை மாட்டினார். அதைக் கேட்டுவிட்டு அதே டிரைவர், "கொசு கத்தறாப்ல இருக்குதுங்க. ஆனா காதுல உழுகுது" என்று சான்றிதழ் கொடுத்தார்.

அவரோடு இருந்தது தங்கை மட்டும்தான். ராகியும் மரவள்ளியும் அந்தப் பெண் பார்த்துக்கொண்டது. அக்கா ரேஸ் தடத்துக்குப் போகிறாளே என்று பயந்து, காரின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டது. அம்மணி அவிழ்த்துச் சின்னத் தராசில் வைத்தார். ஐம்பத்தைந்து கிராம். "உம்பட பாசம் இவ்வளவுதானா?" என்று கேட்டு, அந்தப் பழத்தையே பிழிந்து எங்கள் மூன்று பேருக்கும் ஜூஸ் போட்டுவிட்டார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே குடித்தது. பிறகு பாவம் பார்த்து, அந்த நூலை மட்டும் ஸ்டியரிங்கில் கட்டிக்கொள்ள விட்டார்.

கோயமுத்தூர்ப் பக்கத்துத் தடத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் தங்கள் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம். ட்ராக் டே என்பார்கள். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. கடிகாரத்தோடுதான் போட்டி. ஒரு சுற்றை ஒரு நிமிடம் பதினைந்து நொடிக்குள் முடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு அவரையும் சேர்த்துக் கார் ஐநூற்று எழுபது கிலோவுக்கு வர வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். நாங்கள் காரைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கும்போது, பெரிய பெரிய கார்களோடு நிற்கும் ஆட்கள், "இதென்னங்க, பாதியிலயே நிறுத்திட்டீங்களா?" என்று கேட்பார்கள். அரை மணி நேரத்தில் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும். நேர் ரோட்டில் அவர்கள் தாண்டிப் போவார்கள். வளைவு வந்ததும் பிரேக்கை மிதித்து, டயர் அழ, முக்கித் திரும்புவார்கள். இவர் அவர்களுக்கு உள்பக்கமாகச் சத்தமில்லாமல் நழுவிப் போவார். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஸ்டாப்வாட்சை அமுக்க மறந்து நான் எத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கிறேன்!

இனி அந்தக் கதவைப் பற்றி.

முதல் தடவை எழுதியது அறுநூற்று இரண்டு. அடுத்த தடவைக்குள் பக்கத்துச் சீட்டு, தரை விரிப்பு எல்லாம் கழன்றன. கழற்றுகிற சாமானைக் கூடையில் போட்டுச் சின்னத் தராசில் தனியாக எடை போட்டு வைப்பது அவர் வழக்கம். கூடையில் ஐந்து கிலோ. கார் ஏழு கிலோ குறைந்து ஐநூற்றுத் தொண்ணூற்று ஐந்து காட்டியது. "ரெண்டு கிலோ எங்கிருந்துங்க வந்துச்சு?" என்றார். "சேத்து எடுத்துக்கங்க அம்மணி, வியாபாரத்துல இதெல்லாம் உண்டு" என்றேன்.

மூன்றாவது தடவை கூடையில் ஆறு. காரில் குறைந்ததோ பதினொன்று. கதவில் ஐநூற்று எண்பத்து நான்கு. இந்த முறை அவர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தபடி நின்றார். "அஞ்சு கிலோ வித்தியாசமுங்க பாய். பெட்ரோலும் ஒரே அளவுதான்."

அப்போது நான் சொன்னதை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. "வண்டி காயுது போல இருக்குதுங்க" என்றேன்.

எங்கள் தொழிலில் எடை குறைந்தால் யாரும் பதற மாட்டோம். மிளகை வாங்கி வைத்தால் நாளுக்கு நாள் எடை இறங்கும். ஈரம் போகிறது, சரக்கு காய்கிறது, நல்ல சரக்கு ஆகிறது. போன எடை எங்கே என்று யாரும் தேடுவதில்லை. எடை கூடினால்தான் சந்தேகம், தண்ணீர் தெளித்தானா, கல் போட்டானா என்று. முப்பது வருஷம் அப்படியே பழகிய மூளை. மலைக்காற்றில் காரும் காயும் என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டார். "அப்ப வெயில்ல போட்டு வெக்கட்டுங்களா?" என்றார்.

நான்காவது தடவை கூடையில் நான்கு, காரில் ஒன்பது. ஐநூற்று எழுபத்தைந்து! இலக்குக்கு இன்னும் ஐந்தே கிலோ. நான் குதித்தேன். என் வீட்டில் கொடுத்தனுப்பிய பிரியாணியைப் பிரித்து மூன்று பேருமாக உட்கார்ந்தோம். அம்மணி இரண்டு வாய் வைத்துவிட்டு, "வவுறு நெறஞ்சு போச்சுங்க" என்று மூடிவிட்டார். "பிரியாணிக்கும் எடை பாக்கறீங்களா?" என்று கிண்டல் செய்தேன். தங்கைதான் கோபப்பட்டது. "கேட்டா காருக்காகச் சோத்தைக் குறைச்சிருக்கறேன்னு சொல்லுதுங்க பாய். நீ மனுசியா, காரா அக்கா?" என்று கத்தியது. நான் அதையும் கேட்டேன். கேட்டுவிட்டு, அடடா, என்ன ஈடுபாடு என்று மெச்சிக்கொண்டேன்!

முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்காதா என்று என் மனைவி கேட்டாள். பார்த்ததில்லை, அதுதான் உண்மை. அடுத்த வீட்டுப் பெண்ணிடம் பேசும்போது பார்வையைத் தாழ்த்திக்கொள் என்று சொல்லி வளர்த்தார்கள். வளர்ந்த வளர்ப்பை மீறியவன் இல்லை நான். அந்த நீல அங்கியும், தொப்பியும், சாக்பீஸ் பிடித்த விரலும்தான் எனக்கு அந்த அம்மணி. கண்ணைத் தாழ்த்தினால் எதிரே தராசு. அதில் எண் தெரிந்தது, அது போதுமென்று இருந்துவிட்டேன்.

ஐந்தாவது தடவைதான் கடைசி. கூடையில் மூன்று கிலோ. நான்கு தராசையும் கூட்டினால் ஐநூற்று எழுபத்திரண்டு. காரிலும் சரியாக மூன்று கிலோ! கிராம் சுத்தம். எனக்குக் கை கால் ஓடவில்லை. "பாத்தீங்களா அம்மணி! இன்னிக்குத்தான் கூடையும் காரும் ஒத்துப்போச்சு. வண்டி முழுசாக் காஞ்சிருச்சு. இனிமேல் எறங்காது" என்றேன்.

"ஆமாங்க பாய். இனிமேல் பயமில்லை" என்றார்.

காரிலிருந்து இறங்கும்போது கொஞ்சம் தடுமாறினார். நான் கை கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பேன்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தடத்தில் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று, ஒரு நிமிடம் பதினான்கு நொடியில் வந்தார். நான் ஸ்டாப்வாட்சைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடினேன். "அந்த மூணு கிலோதான் வேலை செஞ்சிருக்குது!" என்றேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். "இப்பத்தானுங்க பாய் ஒன்னுமே சுமக்கலை" என்றார். சந்தோஷத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்துத் தங்கை போன் செய்தது. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரி. போனால் கட்டிலில் யாரோ படுத்திருந்தார்கள். அங்கி இல்லாமல், தொப்பி இல்லாமல் அவரை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. மணிக்கட்டு என் இரண்டு விரல் பருமன் இருந்தது. நர்ஸ் கைத்தாங்கலாக எழுப்பி ஒரு தராசில் நிற்க வைத்து, "முப்பத்தெட்டு" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு எண்தான். கொட்டகைக் கதவில் இருந்த எண்கள் எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. கூடைக்குள் வராத அந்த இரண்டு கிலோ. அந்த ஐந்து கிலோ. மறுபடியும் ஐந்து கிலோ.

என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. "வண்டி காயலீங்க பாய்" என்றார். "நாந்தான்."

வயிற்றில் கட்டி. நான்காவது எடைக்குப் பிறகு, அந்தக் கதவுக்கு முன்னால் நின்று தானே கூட்டிக் கழித்துப் பார்த்து, தனியாகச் சேலத்துக்கு வந்து காட்டியிருக்கிறார். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம், இப்போது பரவிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மாதம் முன்னால் என்றால் எப்போது? நான் வண்டி காய்கிறது என்று சொல்லிச் சிரித்த நாள்.

"பாத்தீங்களா, எடுக்க வேண்டியதை உட்டுப்போட்டு மத்ததெல்லாம் எடுத்திருக்கறேன்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்துவிட்டது.

"தெரிஞ்சதும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அம்மணி?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, கோபப்படுகிற மாதிரி இருந்தது.

"சொல்லியிருந்தா நீங்க தராசு தூக்கிட்டு வந்திருக்க மாட்டீங்களே."

பதினோரு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தார். மலைக்குக் கொண்டுபோனார்கள். தூக்கியவர்களில் நானும் ஒருவன். என் தோளுக்குத் தெரிந்த எடையை இங்கே எழுத மாட்டேன்.

ஐந்தாவது எடை அன்று குதித்த குதியில் நான் விட்டு வந்த நான்கு தராசும் அவருடைய கொட்டகையிலேயே கிடந்தன. எடுக்கப் போக மனம் வரவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தங்கையே கூப்பிட்டது. போனேன். தராசுகளைத் தூக்கும் முன், என்னவோ தோன்றி, பெட்ரோலைப் பழைய கோட்டுக்குச் சரிசெய்து, காரை மட்டும் அவற்றின்மேல் ஏற்றிப் பார்த்தேன். யாரும் உட்காராமல், முதல் தடவையாக. ஐநூற்று இருபத்தாறு. கதவில் அவர் கடைசியாக எழுதியது ஐநூற்று எழுபத்திரண்டு. அப்படியானால் அன்றைக்கு அவர் நாற்பத்தாறு கிலோ இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்குக் குறைந்த மூன்று கிலோவும் கூடையில்தான் இருந்தது, அப்படியானால் அது நான்காவது தடவை அவர் இருந்த அதே எடை. ஒன்றரை மாதம் ஒரு கிராம்கூட இளைக்கவில்லையா? அதற்கு நான்கு வாரம் கழித்துத்தானே முப்பத்தெட்டு என்றார்கள்? எனக்குப் பிடிபடவில்லை.

அந்த நேரத்தில் தங்கை உள்ளேயிருந்து நீல அங்கியை எடுத்து வந்தது. "தொவைக்கலாம்னு எடுத்தேனுங்க பாய். தூக்கவே முடியலை. உள்பக்கம் பாருங்க."

அங்கியின் உள்பக்கம் இடுப்பைச் சுற்றித் துணிப்பை போல வரிசையாகத் தைத்திருந்தது. கையால் போட்ட தையல். ஒவ்வொன்றிலும் லாரிச் சக்கரத்தின் நட்டு, சத்தம் வராமல் இருக்கத் துணி சுற்றி. இருபது நட்டு. அவர் பட்டறையில் இருந்த காலத்து இரும்பு. அங்கியோடு சேர்த்துக் கையில் வாங்கினேன். தராசுக்குப் போகவில்லை. நட்டு மட்டும் நாலு கிலோ.

காரில் ஓர் ஆணியைக்கூட விட்டு வைக்காத மனுஷி. அன்றைக்கு நாலு கிலோ இரும்பைத் தன் உடம்பில் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி உட்கார்ந்து, என்னைக் கூட்டச் சொல்லியிருக்கிறார். கூடையும் காரும் ஒத்துப்போக வேண்டும் என்று. நான் கதவைத் திரும்பிப் பார்த்துவிடக் கூடாது என்று. மூட்டையில் கல் இருந்தால் பிரிக்காமலே சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன், கிராம் சுத்தம் என்று குதித்தேன்.

அங்கே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். தங்கை தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியைப் பிரித்து, அந்தப் பழைய கூடையில் போட்டது.

"இதையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டறட்டுங்களா பாய்? அக்கா இருந்தா இதெதுக்குன்னு கேக்கும்."

கூடையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இருக்கட்டும் கண்ணு" என்றேன்.